நாலு பேர் வாசித்த "செத்த வீடு"

பெருஞ்சீரகத் தழையோடு மத்தி மீன் வதங்கும் மணம் எங்கே எழுந்தாலும், சுவருக்கு அப்பாலிருந்து இழுபட்டு வரும் வயலின் ஒலியும் சேர்ந்தே எனக்குக் கேட்கிறது. இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சாப் பகுதியில், ஒரு பழைய வீட்டில், அம்மா அப்போதுதான் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வேலை நிலைத்தால்தான் எங்கள் இருவருக்கும் "பெர்மெசோ" என்கிற வதிவிட அனுமதி. அம்மாவுக்கு இத்தாலிய மொழி வராது; தெருவில் விளையாடிப் பழகிய எனக்கு வரும் என்பதால், சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார்.

வீட்டுக்காரப் பெண்மணியை "சின்யோரா" என்போம்; பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசிப்பவர். இரண்டு வயலின்காரரும் ஒரு வயோலாக்காரரும் சனிக்கிழமைகளில் வந்து, அவரோடு வாசித்து, சாப்பிட்டுப் போவார்கள். ஒரு சனிக்கிழமை அவர்கள் எடுத்தது, இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் செக் நாட்டுக்காரர் ஒருவர் நால்வருக்காக எழுதிய இசை. அதில் மெதுவான ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மத்தியை வதக்கிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"தம்பி, உள்ளுக்கை ஆரோ மோசம் போயிட்டினம்."

"இல்லையம்மா, அது பாட்டு."

"பாட்டெண்டால் இப்பிடி ஒப்பாரி வைக்குமோ?"

எங்கள் மன்னாரில் "செத்த வீட்டில்" அடுப்பு மூட்டுவதில்லை. அம்மா அடுப்பை அணைத்து, சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பசியோடு வந்தவர்கள் குளிர்ந்த பானையைப் பார்த்தார்கள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். தரையைப் பார்த்தபடி காரணத்தைச் சொன்னேன்.

"நான் அவ்வளவு கேவலமாவோ வாசிச்சனான்?" என்றார் வயோலாக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், சின்யோராவைத் தவிர. அதை எழுதியவர் ஒரு யூதர் என்றும், அடுத்த போரில் வதைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள் என்றும், அவருக்கு ஒரு கல்லறைகூட இல்லை என்றும் சின்யோரா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப செத்த வீடுதானே. சொல்லு அவைக்கு."

சொன்னேன். அப்படியானால் உங்கள் ஊரில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று சின்யோரா கேட்டார்.

"அயலட்டைச் சனம் கொண்டந்து குடுக்கும்."

சின்யோரா தானே இறங்கிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுப் பெண் கொடுத்த கடலைமாப் பொரியலையும் பாண் ரொட்டியையும் சமையலறையில் நின்றபடியே எல்லோரும் சாப்பிட்டோம். அம்மாவின் வேலை நிலைத்தது. அந்த இசையை மட்டும் அவர்கள் பிறகு எடுக்கவில்லை.

இன்று அந்த வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை அறைகள். வாசித்தவர்களும் இல்லை, கீழ்வீட்டில் தட்டினால் திறக்க ஆளும் இல்லை. சின்யோரா சொன்ன அந்த இசைக்காரரின் பெயரை மறக்காமல் வைத்திருந்த நான், அம்மா காலமான பிறகு, அப்படி அழுகிற மனிதர் அந்த இசையில் வேறு என்னதான் எழுதியிருப்பார் என்ற ஆவலில், மகளின் கைபேசியில் அதை முழுதாகக் கேட்டேன். மெதுவான பகுதி முடிந்ததும் நாலு வாத்தியங்களும் துள்ளி ஓடுகின்றன, ஒன்றையொன்று பகிடி பண்ணுகின்றன. அந்தப் பகிடியை அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.