கெட்டிலைப் போட்டு வை

இடுப்பு பெல்ட்டில் ஈயக் குவளையைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட வரும் ஆண்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். ஹார்டன்ஷா நாட்டுப்பாடல் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன். அப்படிப்பட்டவர்களைக் கடிதம் போட்டு வரவழைத்ததே நான்தான். அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஆசை இல்லை. கிளெனிஸ் ஓர்மராட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவளைப் பற்றி எழுதினால் ஒரு குவளைக்காரனும் கூடவே உள்ளே வந்துவிடுகிறான்.

கிளெனிஸ் பதினைந்து வயதிலிருந்து கம்பளிச் செருப்புத் தொழிற்சாலையில் உள்துணி தைத்தவள். வலது கட்டைவிரலில் ஊசி இரண்டு தடவை ஏறி இறங்கியதில் நகம் இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. வாட்டசாட்டமான உடம்பு, நாங்கள் கூடும் மாடியில் அவள் சிரித்தால் கீழே மதுக்கடையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். அவள் கணவன் வால்டர் ஊருக்கு மேலே இருந்த கல்குவாரியில் வேலை பார்த்தான். ஒரு பிப்ரவரி புதன்கிழமை, விடுப்பில் இருந்தவன், தண்ணீர் இறைக்கும் பம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூட்ஸை மாட்டினான். "கெட்டிலைப் போட்டு வை, மேடு வரைக்கும்தான் போறேன்" என்று சொன்னான். மழையில் ஊறியிருந்த கரை சரிந்து அவன்மேல் விழுந்தது. இங்கே தேநீருக்காக அடுப்பில் வைத்த கெட்டில் தண்ணீர் வற்றி அடி கருகிப்போனது.

இரண்டு குளிர்காலம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தே அதை ஒரு பாட்டாகக் கட்டினாள். நாலு சரணம். பல்லவி, அவன் சொல்லிவிட்டுப் போன அதே வார்த்தைகள்.

'ஷட்டில்' மதுக்கடையின் மாடி அறையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுவோம். மைக் கிடையாது. ஒருவர் பாடும்போது கதவைத் திறக்கக் கூடாது. ஒருவருடைய பாட்டை அந்த அறையில் இன்னொருவர் பாடக் கூடாது. ஒரே இரவில் ஒரு பாட்டு இரண்டு தடவை வரக் கூடாது. இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவனிடம் மூன்று வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பல்லவி வந்தால் மட்டும் யார் பாடினாலும் எல்லோரும் சேர்ந்து பாடியாக வேண்டும். மேல் குரல், கீழ் குரல் என்று பிரித்துப் பாடுவோம். வாயை மூடிக்கொண்டிருப்பது வந்த விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது மாதிரி. கிளெனிஸ் பாடும்போது அறுபது பேர் சேர்ந்து "கெட்டிலைப் போட்டு வை" என்போம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தனியாக அந்த வார்த்தையைச் சொல்ல முடியாததால்தான் இங்கே வந்து பாடுகிறேன் என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

மாதத்தில் ஒரு வெள்ளி வெளியூர்ப் பாடகர் வருவார். நாங்கள் ஆளுக்கு ஒரு பாட்டு பாடியபின் அவர் பாடுவார். பாடியபின் படுக்க இடம் வேண்டுமே, அது கிளெனிஸ் வீடுதான். எத்தனை பேருக்கு முட்டை பொரித்துப் போட்டிருப்பாள் என்று கணக்கில்லை.

ஆட்ரியன் செல்வின் அப்படி வந்தவன்தான். கப்பலையே பார்க்காத ஊர்க்காரன், மீனவன் சட்டை போட்டிருந்தான், பெல்ட்டில் ஈயக் குவளை. கித்தாரைச் சுருதி சேர்க்கப் பத்து நிமிஷம், அதற்கு நடுவே பழைய ஜோக்கு. காலையில் கிளெனிஸ் வீட்டில் நாலு முட்டை தின்றான், கைகழுவும் தொட்டி முழுக்கத் தாடி மயிரை விட்டுவிட்டுப் போனான். போகும் முன் டேப் ரெக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்து, நேற்று பாடியதை இன்னொரு தடவை பாடச் சொன்னான். இவளும் பன்றி இறைச்சியை வறுத்துக்கொண்டே பாடியிருக்கிறாள். இது நான் கட்டிய பாட்டு என்று அவள் சொன்னதற்கு, "எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கறாங்க. இது இருநூறு வருஷத்துப் பாட்டுங்க, எனக்குத் தெரியும்" என்றானாம். இதை எங்களிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறு வருடமும் அவனை அழைத்தேன். அவன் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அவனுடைய புது இசைத்தட்டு எனக்குத் தபாலில் வந்தது. உறையின் பின்பக்கத்தில் ஐந்தாவது பாட்டு 'மேடு வரைக்கும்'. பக்கத்தில் 'பழம்பாட்டு, இசையமைப்பு ஆட்ரியன் செல்வின்'. கிளெனிஸ் பெயர் எங்கேயும் இல்லை. படித்தேன். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அறை நிறைய ஆள் வரப்போகிறார்கள், இப்போது போய் எதற்கு வம்பு என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்று எழுதும்போதும் என் வாய் கசக்கிறது.

பாட வந்த அன்று அவன் வாசலிலேயே கிளெனிஸைக் கட்டிப்பிடித்து, "என் படுக்கை தயாரா?" என்றான். அவள் வழக்கமாக உட்காரும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இடைவேளைக்குப் பிறகு முதல் பாட்டு அவளுடையது என்று நான் சீட்டில் எழுதியிருந்தேன்.

முதல் பாதியில் அவன் நாலாவதாக எடுத்தது அந்தப் பாட்டுதான். "லங்காஷயர் சமையலறையில ஒரு கிழவிகிட்டேருந்து இதைக் காப்பாத்திக் கொண்டு வந்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா செத்துப் போயிருக்கும்" என்றான். கிழவிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக் கண்ணடித்தான், பரிசு கொடுக்கிறவன் மாதிரி.

சரணம் முடிந்து பல்லவி வந்தது. நாங்கள் பாடினோம். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒருத்தராவது வாயை மூடினோமா? பல்லவி என்றதும் மணி அடித்த மாடு மாதிரி வாயைத் திறந்துவிட்டோம். நல்ல குரல் பிரித்து, இழுத்து, குழைத்துப் பாடினோம். கீழ் குரல் என்னுடையது. நாலு தடவை பாடினோம். கிளெனிஸ் கண்ணை மூடவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இடைவேளையில் குலுக்கல் சீட்டு நடந்தது. பரிசான டப்பா இறைச்சி யாருக்கோ விழுந்தது. நான் அவள் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது?

பிறகு அவள் பெயரைச் சொன்னேன். அவள் எழுந்து நின்று அதே பாட்டைத் தொடங்கினாள். ஒரே இரவில் இரண்டாம் தடவை. பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பல்லவி வந்ததும் பழக்கத்தில் எங்கள் மூச்சு ஏறியது. அவள் பிளந்த நகக் கையைத் தூக்கினாள்.

"வேண்டாம். நீங்கதான் ஒரு தடவை பாடிட்டீங்களே" என்றாள்.

தனியாகப் பாடினாள். முதல் தடவை குரல் உடைந்தது, இரண்டாவதில் பாதி வார்த்தை வரவில்லை. நாலாவதைப் பேச்சாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

செல்வின்தான் முதலில் கைதட்டினான். "அருமைங்க. நீங்க பாடற வடிவம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. இதோட மூலம் எங்கே கிடைச்சதுன்னு ஒரு நாள் உட்கார்ந்து தேடணும்" என்றான்.

"தேட வேண்டாம் தம்பி. என் அடுப்பங்கரையில கிடைச்சது. சொல்லிட்டுப் போனவன் பேரு வால்டர்" என்றாள்.

அவன் புன்னகையோடு தலையாட்டினான். அறை என்னைப் பார்த்தது. நான்தானே செயலாளர், எழுந்து சொல்ல வேண்டியவன் நான்தான். இசைத்தட்டு உறை என் அலமாரியில் கிடந்தது. "நன்றி கிளெனிஸ்" என்றேன். இரண்டாம் பாதிக்கு அவனை அழைத்தேன், அவன் பாடினான். பல்லவி வந்தபோதெல்லாம் பாடினோம்.

முடிந்தபோது அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாள். குவளைக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் படுக்க இடம் தர யாரும் முன்வரவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். காலையில் முட்டையும் போட்டேன், அவன் கேட்காமலே நாலு.

அதற்குப் பிறகு அவள் மாடி ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து மீன் வறுவல் கடை வரிசையில் பார்த்தேன். கையில் கோடாலி மாதிரி குடையைப் பிடித்திருந்தாள். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை என்றேன், அது பொய். இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதுகிறேன், செல்வினை இனி அழைக்க மாட்டேன் என்றேன். அவள் மீனுக்கு வினிகர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவனை எனக்குத் தெரியாது நார்மன். போறவன், வர்றவன். உங்களைத்தான் தெரியும்னு நினைச்சேன்."

"வந்து பாடு கிளெனிஸ். வெள்ளிக்கிழமை வா."

"எதுக்கு?" என்றாள், பொட்டலத்தை மடித்தபடி. "பல்லவி பாடத்தான் அங்க அத்தனை பேர் இருக்கீங்களே."