என் கை எடுத்த வெள்ளைப் பூ

எங்கள் அண்ணன் மறைந்து, வருகிற அமாவாசையோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும்படி அண்ணியார் என்னிடம்தான் சொன்னார்கள். “நீதான் வாயாடி, நீயே எழுது” என்றார்கள். வாயாடிதான். அந்த வாயால் அண்ணனை நான் என்னவெல்லாம் பேசினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவே, கல்லும் கரடுமான எங்கள் தோட்டத்தில் அண்ணன் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். மீசை அரும்பும் வயதில் அண்ணன் ஏர் பிடித்தார். அம்மாவை ஒருவர் முன்னாலும் கைகட்டி நிற்க விடவில்லை. கோபம் வந்தால் பேசாமல் போய் மாட்டைக் குளிப்பாட்டுவார். எங்கள் மாடுகள் எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது மாடுகள் சரிவில் இறங்க, ஓட்டுகிறவர் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து தம் பாரத்தையும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கோடையில், தண்ணீர்ச் சால் நிறைந்து மேலே வரும் சமயம் வடம் அறுந்தது. அண்ணன் முதுகு அடிபட, மாடு இறங்கும் வாரியின் கல்லில் விழுந்தார். கட்டிலில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்தில் கால்கள் மரத்துவிட்டன. நாமக்கல் டாக்டர், “முதுகெலும்பு உடைந்து நரம்பை அழுத்துகிறது. சென்னைப் பட்டணத்தில் அறுத்துச் சரிசெய்தால் நடக்கலாம். வலி முழுக்கப் போகுமென்று நான் சொல்லமாட்டேன்” என்றார். அவர் சொன்ன கடைசி வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

முதுகைக் கத்தி வைத்து அறுப்பதா என்று அம்மா நடுங்கினார்கள். மாரியம்மனிடம் பூக்கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் பூவரச இலையில் ஒன்றுபோலவே கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. அந்தக் குழந்தை நான்தான். “எடு சாமி” என்றார் பூசாரி. எனக்குக் கிட்டே இருந்ததை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடினார்கள்.

பட்டணத்திலிருந்து அண்ணன் மரப்பலகையில் படுத்தபடி வந்தார். பல மாதம் அப்படியே கிடந்தார். படுத்த வாக்கில் ஒரு பலகைச் சிலேட்டில் எனக்கு அ, ஆ எழுதிக் காட்டினார். இன்று நான் இதை எழுதுவது அந்தப் படிப்பால்தான். பிறகு ஒரு நாள் சுவரைப் பிடித்து நின்றார். அடுத்த மழைக்கு வரப்பில் நடந்தார். அவ்வளவுதான், பூ பலித்துவிட்டது என்று ஊரே சொன்னது.

அன்று முதல் என் கை ராசிக்கை ஆகிவிட்டது. கடலைக்காய் விதைப்பா, முதல் விதை நான் போட வேண்டும். கன்று ஈன்ற மாட்டின் முதல் பாலா, செம்பை நான் தொட வேண்டும். பரமத்தி வேலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அங்கேயும் என் மாமனார் கொடிக்காலில் முதல் வெற்றிலைக் கொடியை என்னைத்தான் நடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “என்ற கையாலதானுங்க எங்கண்ணன் நடக்கறாரு” என்று கேட்டவர், கேளாதவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அண்ணன் அடிக்கடி வாழப்பாடிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போவார். போகும்போது புதுக்கயிறு தோளில் இருக்கும். திரும்பும்போதும் அதே கயிறு தோளில் இருக்கும். மாடு மட்டும் வராது. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் விடமாட்டேன். “ஏனுங்ணா, கயித்துக்குச் சந்தை காட்டிட்டு வந்தீங்களாக்கும்?” என்பேன். வீடே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். அண்ணியார் மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவார்கள். அவர்களுக்குக் கேலி பிடிக்காது என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பாவி நான்.

உலகச் சண்டைக் காலத்தில் ஒரு முறை அண்ணனுக்குக் கடுங்காய்ச்சல். அண்ணியார் தம் தாய்வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தார்கள். நான் வந்து வெந்நீரில் துணி நனைத்து முதுகைத் துடைக்கப் போனேன். “வேண்டாஞ் சாமி, உங்கண்ணி வரட்டும்” என்றார். நானா கேட்பேன்? போர்வையை இழுத்துவிட்டேன்.

நடு முதுகில் கத்தி போட்ட நீளத் தழும்பு. அதைச் சுற்றிக் காசளவு காசளவாகச் சூட்டுத் தழும்புகள், பழையதும் புதியதுமாக. ஒன்று இன்னும் ஆறவில்லை.

“இதென்னுங்ணா?”

“வாழப்பாடிக்கு அந்தாண்ட ஒரு வைத்தியன் சூடு போடுவான். பத்து நாளைக்கு வலி மட்டுப்படும்.”

“அப்ப மாடு பாக்கப் போனதெல்லாம்?”

“பாத்துட்டுத்தான் வந்தேன். வாங்கறேன்னா சொன்னேன்?” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“ஆப்பரேசனுக்கு அப்புறமும் வலி நிக்கவே இல்லீங்களா?”

“கால் வந்துச்சே, அது போதாதா? வலிக்குதுன்னு நான் வாயைத் தொறந்தா, புள்ள எடுத்த பூவு பொய்யாப் போச்சும்பாங்க. அது உன்ற கையோட ஒட்டிக்கும் சாமி. ஆகாத கைன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், எவன் ஊட்டுலயும் உன்னயப் பொண்ணு எடுக்க மாட்டாங்க. கண்ணாலம் ஆகட்டும்னு இருந்தேன். ஆச்சு. அப்புறம் உன்ற கொடிக்கால் நல்லா வரட்டும்னு இருந்தேன்.”

நான் அழுத அழுகையில் பக்கத்துத் தோட்டத்தார் ஓடிவந்துவிட்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த காலமெல்லாம் நான் அவர் வலியின்மேல் உட்கார்ந்து பெருமை பேசியிருக்கிறேன். குழந்தை என்ன செய்யும் என்று நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள். எடுத்தது குழந்தை. கேலி செய்தது குழந்தை இல்லையே.

அண்ணியாருக்கு எல்லாம் தெரியும். “சொல்லக்கூடாதுன்னு என்ற தாலி மேல சத்தியம் வாங்கிட்டாருங்க அம்மிணி” என்றார்கள். அதன்பின் மறைக்க ஒன்றுமில்லாததால் வெளிப்படையாக வைத்தியம் பார்த்தோம். நொச்சித் தழை ஒத்தடம், வர்ம எண்ணெய், வலி முற்றி அவர் படுத்துவிட, கடைசியில் சேலம் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர், பட்டணத்தில் இன்னொரு முறை அறுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

அம்மா தள்ளாத வயதிலும் எழுந்து உட்கார்ந்தார்கள். “ஆத்தாகிட்டப் பூக்கேக்கலாம். ராசிக்காரி மவ இருக்கறா, அவ எடுக்கட்டும்” என்றார்கள். என் மகளுக்கு அப்போது, அன்று எனக்கிருந்த வயதுதான். வேண்டாம் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. வாயாடிக்கு வேண்டிய நேரத்தில் வாய் இல்லை.

கோயிலில் பூசாரி பொட்டலங்களை வைத்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டார். வண்டியிலிருந்து இறக்கி உட்காரவைத்திருந்த அண்ணன், “புள்ளைய உடுங்க. முதுகு என்னோடது. நானே எடுக்கறேன்” என்றார். விவரம் தெரிந்தவர் எடுக்கக் கூடாதே என்றார் பூசாரி. “ஆத்தா என்னயக் கோவிச்சுக்கட்டும்” என்றார் அண்ணன். குனிய முடியாத மனிதர் தரையில் கையூன்றி, முகமெல்லாம் வேர்த்து ஒழுக, தவழ்ந்துபோய் ஒன்றை எடுத்தார். பிரிக்கவில்லை. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். “ஊட்டுக்குப் போலாம்” என்றார். பட்டணம் போகும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே விடவில்லை.

அந்த மழைக்காலம் முடியுமுன் காய்ச்சல் கண்டு போய்விட்டார். வாடிப்போன அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அண்ணியார் அவர் மடியில் வைத்து அனுப்பினார்கள். என்ன பூ என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் வைக்கோல் பரப்பி வண்டியை மெல்ல ஓட்டியவருக்கும், படுத்த காலத்தில் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த பங்காளிகளுக்கும், சேலம் டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சூடு போட்ட வைத்தியருக்கு நன்றி சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அண்ணியார் சொல்லச் சொல்கிறார்கள், சொல்கிறேன். அண்ணியாருக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உறவினர்களே, இந்த விதைப்புக்கு முதல் விதை போட என்னைக் கூப்பிட வராதீர்கள். என் மகளையும் கூப்பிடாதீர்கள். அவள் இதோ வாசலில் புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் ராசியும் இல்லை, பழியும் இல்லை. வெறும் குழந்தைக் கை. எங்கள் அண்ணன் தவழ்ந்துபோய் அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார்.