கேட்காமலே எழுதினவர்

எங்க தெருமுனை ஆஸ்பத்திரியில பதிவு கவுண்டர்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு ஜோசியர்னு பேரு. ஜாதகம் கீதகம் ஒண்ணும் பாக்க மாட்டார். ஆனா யாரையும் எதையும் கேக்க மாட்டார், மூஞ்சியப் பாத்தே எழுதிடுவார். அதனாலதான் அந்தப் பட்டப்பேரு. எனக்கு அந்த ஆளப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். மறைச்சு என்ன ஆகப்போகுது?

வேலையில சேந்த நாள்லேருந்து அதே நாற்காலிதான். காலையில வந்ததும் மேசையத் தொடைப்பார், கீபோர்டக் கவுத்துத் தட்டி ஊதுவார், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால மகாராஜா மாதிரி உக்காந்துக்குவார். வரிசை எவ்வளவு நீளமா இருந்தாலும் மளமளன்னு தள்ளி விட்டுடுவார், அத நான் இல்லைங்கல. வீட்டுலயும் அப்படித்தான்னு அவர் சம்சாரமே சொல்லியிருக்காங்க. மூத்த பொண்ணு என்ன படிக்க ஆசைப்படுதுன்னு ஒரு வார்த்தை கேக்காமலே காலேஜ்ல பணத்தக் கட்டிட்டு வந்த மனுஷன்.

கம்ப்யூட்டர்ல 'புகைப்பழக்கம் உண்டா'ன்னு ஒரு கட்டம் வரும். அத நிரப்பாம அடுத்த பக்கம் போகாது. இவர் கேட்டாத்தானே! பொம்பளைன்னா இல்லை. இஸ்திரி போட்ட சட்டைன்னா இல்லை. உதடு கறுத்திருந்தா உண்டு. சிகரெட்டக் கையால தொடாத ஒரு பெயிண்டருக்கு உண்டுன்னு போட்டு, அந்தாளு டாக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். "ஏன் சார் கேக்காமப் போட்டீங்க"ன்னு வந்து நின்னவர்கிட்ட, "உங்க உதட்டப் பாத்துட்டு வேற என்னத்தப் போடறது"ன்னு சிரிச்சாராம் ஜோசியர். ஒரு கட்டம்கூடக் காலி இல்லைன்னு மேலிடத்துல பாராட்டு வேற. வயித்தெரிச்சல்!

என் அண்ணன் வெல்டர். நாள் முழுக்கப் பட்டறையில கரியும் பொறியுமாக் கிடப்பான். ஆனா ஆஸ்பத்திரிக்குன்னா குளிச்சு, சவரம் பண்ணி, இஸ்திரி பண்ணின வெள்ளச் சட்டை போட்டுட்டுத்தான் போவான். மீசை முளைச்ச காலத்துலேருந்து சிகரெட். யார்கிட்டயும் ஒளிச்சதே கிடையாது. அப்பா எதிர்லயே பத்த வச்சு அடி வாங்கினவன்.

போன வருஷம் புகைபிடிக்கிறவங்கள மட்டும் கம்ப்யூட்டர்லேருந்து பொறுக்கி எடுத்து, நுரையீரல் ஸ்கேனுக்குக் கூப்பிட்டாங்க. பட்டறையில எல்லாரும் போனாங்க. இவனுக்கு அழைப்பே வரல. "நம்ம உடம்பு கல்லுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்"னு சிரிச்சான், மடையன். இப்போ இருமினா ரத்தம். போன வருஷமே பாத்திருந்தா கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கலாம், இனிமே முடியாதுன்னு பெரிய டாக்டர் சொன்னார். கம்ப்யூட்டர்ல பாத்தா, அண்ணன் பேர்ல புகைப்பழக்கம் 'இல்லை'ன்னு இருந்துச்சு.

நான் சும்மா விடுவேனா? புகார் குடுத்தேன். விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சதும், ஜோசியர் எங்க வீடு தேடி வந்து அண்ணன் எதிர்ல உக்காந்துட்டார்.

"தம்பி, நான் கேட்டேன், நீங்கதான் கூச்சப்பட்டு இல்லைன்னுட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லைன்னா வேலை போயிடும். ரெண்டு பொண்ணு படிக்குது."

"எந்திரிய்யா மொதல்ல!"ன்னு கத்தினேன். "செய்யறதையும் செஞ்சுட்டு, பழியத் தூக்கி எங்கண்ணன் தலையிலயே போடறியா? வெக்கமா இல்ல?"

"நீ சும்மா இரு"ன்னான் அண்ணன். அப்புறம் அவர்கிட்ட, "சொல்லிடறேன் சார். உங்க பொழப்பக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது"ன்னான்.

அன்னிக்கு முழுக்க நான் அவன்கூடப் பேசல. அவன் சாகப்போறான்ங்கறதையாவது எப்படியோ விழுங்கிட்டேன். பொய்யன்னு பேர் வாங்கிட்டுச் சாகறத என்னால விழுங்க முடியல.

விசாரணை அன்னிக்கு நானும் கூடப் போனேன். யாரா இருந்தாலும் டோக்கன் போட்டாத்தான் உள்ள விடுவாங்க. கவுண்டர்ல அதே ஆள். புகாருக்கு அப்புறம், என்ன பதியறாங்கன்னு வர்றவங்களுக்கும் தெரியட்டும்னு திரையப் பக்கவாட்டுல திருப்பி வச்சிருந்தாங்க. பழைய பதிலையெல்லாம் அழிச்சுட்டு, ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் பதியணும்னு உத்தரவும் வந்திருந்துச்சு.

"வாங்க தம்பி, வாங்க"ன்னு ஜோசியர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். அண்ணன் பேரத் தட்டினார். புகைப்பழக்கம் கட்டம் காலியா வந்து நின்னுச்சு. அவர் விரல் நிக்கல. 'இல்லை' மேல ஒரு தட்டு, அடுத்த பக்கம். தான் செஞ்சது அவருக்கே தெரியல. அண்ணனப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே டோக்கன நீட்டினார்.

அண்ணன் திரையையே பாத்துட்டு நின்னான். அப்புறம் டோக்கன வாங்கிக்கிட்டான்.

உள்ள அதிகாரியம்மா ஜோசியரையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. "நீங்க இல்லைன்னு சொன்னதாலதான் அப்படிப் பதிஞ்சேன்னு இவர் சொல்றார். உங்ககிட்டக் கேட்டாரா?"ன்னு அண்ணனக் கேட்டாங்க.

அவனுக்கு இருமல் வந்துடுச்சு. கைக்குட்டைய வாயில அழுத்திக்கிட்டு, அது அடங்கற வரைக்கும் ஜோசியரையே பாத்துட்டு இருந்தான்.

"இப்பக்கூடக் கேக்கலம்மா"ன்னான்.