பிரைமர் அடிக்கிறதுக்குள்ள கறுத்த வானம்

பழைய காருக்கு வீட்டு வாசல்லயே வச்சு நானே பெயிண்ட் அடிச்சுக்கிறேன்னு எல்லார்கிட்டயும் வீம்பா சொல்லியாச்சு. இன்னைக்குக் காலையில இருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுல பானட்டும் டாப்பும் வெறும் தகரம். பிரைமர் டப்பாவைத் திறக்கப் போனா, மேற்க கருக்கலா வருது.

வெறும் தகரத்துல மழை பட்டா துருதான். தேய்ச்சது அம்புட்டும் வீண்.

"முருகா, இன்னைக்கு மட்டும் மழை வேணாம்"னேன். சத்தமாவே சொல்லிட்டேன் போல.

வேலிக்கு அங்கிட்டு பக்கத்து வீட்டு மாமா நிக்கிறாரு. அவரு போட்ட கடலை தண்ணியில்லாம வாடிக் கெடக்கு. ஊரே அந்த மேகத்தைத்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கு.

"என்னத்தா வேணாம்?"

"ஒண்ணுமில்ல மாமா."

காரைப் பாத்தாரு. மேகத்தைப் பாத்தாரு. உள்ள போயி, கடலை காயப்போடுற தார்ப்பாயை எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு பேருமா காரை மூடி, ஓரத்துல கல்லைத் தூக்கி வச்சோம்.

"இப்பப் பெய்யலாமாத்தா?"ன்னு கேட்டாரு.

"நல்லாப் பெய்யட்டும் மாமா"ன்னேன். சத்தியமா மனசாரத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்துல காத்து கெளம்புச்சு. மேகம் மொத்தமும் திருமயம் பக்கம் போயிருச்சு. இங்க ஒரு சொட்டு விழல.

மாமா அதுக்கப்புறம் வேலிப் பக்கமே வரல. தார்ப்பாயை எந்த மூஞ்சியோட திருப்பிக் குடுக்குறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்.

திருமயம் பக்கம் இருக்கவங்க, அங்க நல்ல மழையான்னு சொல்லுங்க. மாமா போன் போட்டுக் கேட்டா மட்டும், தூறலோட நின்னுருச்சுன்னு சொல்லிருங்க.