ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதே

முன் சக்கரத்துக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் எடையை முழுக்கப் போட்டு அமுக்கி, சட்டென்று கையை எடுத்துவிட்டுப் பார்க்கிறாள் அக்கா. கார் ஒருமுறை எழும்பி அடங்குகிறது. "ம், பரவால்ல" என்று பின்பக்கம் போகிறாள். அது அவள் கார் அல்ல. பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலோ பள்ளிக்கூட வாசலோ, நின்றிருக்கும் எந்த வண்டியையும் இவள் விட்டுவைப்பதில்லை. "எழும்பி அடங்கணும்டா. அதுக்கு மேல ஆடினா அது கார் இல்ல, ஊஞ்சல்" என்பாள். கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும்.

அக்காவுக்குச் சொந்தமாக மருந்துக் கடை. பெரிய ஆஸ்பத்திரியின் பின் வாசலுக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் காத்திருக்க வேண்டிய அகலம். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். மாத்திரை அட்டையைக் கையால் கிழித்துக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்காது. வருகிறவர்களை அதட்டாமல் அனுப்பவும் பிடிக்காது. தூக்க மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு, இப்போது தலை சுற்றுகிறது என்று யாராவது வந்து நின்றால் தீர்ந்தது. "ஒரே சமயத்துல ரெண்ட மாத்தினா, எது கேட்டுச்சு, எது காலை வாரிச்சுன்னு எப்படிங்க தெரியும்? ஒண்ண மாத்துங்க. பாருங்க. அப்புறம் அடுத்தது." இதை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லுவாள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோபப்படுவாள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள். ஊருக்கு வெளியே உள்ள பந்தயப் பாதையை அன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, கை தட்டக்கூட ஆள் கிடையாது. அவரவர் காரில் அவரவர் ஆசை தீர ஓட்டிவிட்டு வர வேண்டியதுதான். அக்காவின் காருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. வார நாட்களில் மருந்துப் பெட்டி சுமக்கும் அதே வண்டிதான். அங்கே அவளுக்கு மாத்திரை அக்கா என்று பெயர். பளபளப்பான புதுக் கார்க்காரர்கள் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வளைவுகளில் அவர்கள் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு இவள் வர ஆரம்பித்ததும் குரலில் மரியாதை ஏறிவிட்டது.

பக்கத்து இருக்கையில் மாமா. அக்காவின் கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கார் ஓட்டத் தெரியும், ஓட்டப் பிடிக்காது. ஓட்டுகிறவளைப் பார்க்கத்தான் பிடிக்கும். ஹெல்மெட்டுக்குள் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வருவார். பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "உங்க அக்கா வீட்டுல சும்மா உக்காந்திருக்கறப்பதான் மாப்ளே பயம். இங்க சந்தோஷமால்ல இருக்கா" என்றார்.

சில மாதங்களுக்கு முன்பு அந்தப் பாட்டு பாதியில் நின்றது. சரிவில் இறங்கித் திரும்புகிற நீண்ட வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வண்டி தட்டாமாலை சுற்றி, மாமா உட்கார்ந்திருந்த பக்கமாகப் போய்ப் பாதையோரத்துத் தடுப்பான டயர் அடுக்கில் மோதியது. அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வண்டிதான். பின்னாடி சஸ்பென்ஷன் போயிடுச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கேட்காமலே சொன்னாள்.

எலும்பு கூடிவிட்டது. மாமா மறுபடி பக்கத்தில் உட்காரத் தயார். அக்காதான் தயாராக இல்லை. கோளாறு வண்டியில் என்றால் பாகத்தை மாற்றிவிடலாம். தன்னிடம் என்றால் எந்தக் கடையில் போய் மாற்றுவது? தன்னை நம்பி அந்த மனுஷனை இனி ஏற்றிக்கொள்ளலாமா கூடாதா என்பதே இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையை உதிரிபாகப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. சாப்பிடச் சாப்பிடத் தனக்குத்தானே வழக்காடுவாள். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வளைவில் வண்டி சாயாது. ஆனால் சின்ன மேட்டில் ஏறினாலும் சக்கரம் துள்ளும், தரையில் இல்லாத சக்கரம் எதைப் பிடித்துக்கொள்ளும்? அந்தத் துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பரைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற ரகமாக வாங்குவதா, சாதாரணம் போதுமா? இத்தனை விறைப்பை இந்தக் கிழட்டு வண்டியின் உடம்பு தாங்குமா? மாமா தண்ணீர் எடுக்க எழுந்து வந்தால் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவாள்.

பட்டறைக்காரர் நல்ல வாய்க்காரர். எங்கள் மூவர் கண்முன்னே காரை மேலே தூக்கி, கடப்பாரையால் ஒவ்வொரு மூட்டாக நெம்பிக்கொண்டே வந்தவர் பின்பக்கத்தில் நின்றார். "பாத்தீங்களாக்கா! மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ் வெடிச்சுக் கிடக்கு." அக்காவின் முகம் மலர்ந்தது. உடைந்துபோன ஒரு பொருளைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், வண்டி சாயாம இருக்கக் குறுக்குக் கம்பி, புஷ்ஷு, எல்லாத்தையும் மொத்தமா மாத்திடுவோம். அப்புறம் பாருங்க, தண்டவாளத்துல போற மாதிரி போகும்" என்று அடுக்கினார். கையைத் துடைத்தபடியே பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "வளைவுக்குள்ள ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்களாக்கா?"

வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் வண்டியின் எடை முன்னால் சாயும், பின் சக்கரங்கள் இலேசாகிப் பிடியை விட்டுவிடும். டிராக்குக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது.

"எடுக்கல." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பட்டறைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றார். பத்து வருஷத்துக்கு முந்தைய மாணவன் பரீட்சையில் எந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டான் என்று சொல்லக்கூடிய மனிதர்!

"எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றாள் அக்கா.

என் வாய் சும்மா இருக்காது. "கடையில யாராவது ரெண்டு மாத்திரையச் சேர்த்து மாத்தினா சண்டைக்குப் போவ. இங்க மொத்தமா மாத்தினா, எது காலை வாரிச்சுன்னு எப்படிக்கா தெரியும்?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. கேலியாகத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: எது என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாவமாக இருந்தது.

குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். அழுக்கே இல்லாத கையை வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து, "புஷ் மட்டும் மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றாள். பட்டறைக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்த டிராக் நாளில் முதலில் தனியாகத்தான் போனாள். வேலியோரம் நானும் மாமாவும் நின்றோம். யாரும் சொல்லாமலே அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து வளைவு சின்னதாகத்தான் தெரியும், ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்கும். சரிவில் உறுமிக்கொண்டு இறங்கும் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவுக்கு வந்ததும் தொண்டை அடைத்ததுபோல் ஒரு கணம் அடங்கி, பிறகு எழும்பியது. மாமா பாடவில்லை.

கடைசிச் சுற்றில் பழைய வேகத்திலேயே இறங்கினாள். சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. வளைவில் சட்டென்று அறுந்தது. காரின் பின்பக்கம் வெளியே வழுக்கியது, புழுதி கிளம்பியது. நான் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எப்படியோ ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியைக் காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

மறுபடி டிராக்குக்குள் போகிற வாசலில் கார்கள் வரிசை கட்டியிருந்தன. அக்கா அதில் வந்து நின்றதுமே மாமா கதவைத் திறந்து ஏறிவிட்டார். நான் குனிந்து அவருக்கு பெல்ட்டை மாட்டிவிட்டேன். அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"புஷ் புதுசு" என்றாள், கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடி. "மத்ததெல்லாம் பழசு. அதே எடத்துல, அதே மாதிரி வழுக்குச்சு." பிறகு குரல் இறங்கியது. "கால்தாங்க. அன்னிக்கும் எடுத்தேன்."

"தெரியும்" என்றார் மாமா.

"தெரியுமா?"

"சத்தம் அடங்குச்சே. பக்கத்துலதானே இருந்தேன்."

"அப்புறம் இப்ப எதுக்கு ஏறினீங்க?"

"நீதானே ஓட்டற" என்றார்.

வாசலில் நின்றவர் பச்சைக் கொடியை வீசினார். அக்கா நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முந்திக்கொண்டு போகச் சொல்லி ஆட்டினாள். ஒரு கார் போயிற்று. இன்னொன்று போயிற்று. யாருக்கும் வழி விடாத மாத்திரை அக்காவா என்று ஒருவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வரிசை முழுக்கக் கடந்துவிட்டது, கொடிக்காரர் கொடியை இறக்கிவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு வண்டியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவள் கை மட்டும் இன்னும் "போங்க, போங்க" என்று ஆடிக்கொண்டிருந்தது.