வராத பணத்துக்குப் போன குறுஞ்செய்தி

இணையத்தில் ஒருவர் பணம் கட்டினால், ‘பணம் வந்துவிட்டது’ என்று வங்கிப் பக்கத்திலிருந்து நம் தளத்துக்கு ஒரு தகவல் வரும். கால்பேக் என்போம். நான் செய்துகொண்டிருக்கும் தளம் இணையத்துக்குப் போகாமல் இன்னும் என் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும்போது, அந்தத் தகவலுக்குக் கருவடிக்குப்பத்தில் என் வீடு எங்கே என்று தெரியாது. அதனால் அதைப் போலவே ஒன்றை நானே எழுதி, நானே அனுப்பிச் சோதிப்பேன். பெண் பார்க்காமலே பத்திரிகை அடிக்கிற வேலைதான்.

உழவர்கரையில் ஒரு லேப் டெக்னீஷியன் பயிற்சி நிலையத்துக்காக அப்படிச் சோதித்துக்கொண்டிருந்தேன். பொய்ப் பெயர்கள் எழுதச் சோம்பல்பட்டு, விண்ணப்பித்தவர்களின் நிஜப் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். பட்டியலில் முதலில் இருந்த பெண்ணின் பெயருக்குக் கட்டணம் வந்ததாக ஒரு தகவலை அனுப்பிவிட்டு டீ போடப் போய்விட்டேன். குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை அணைக்கவில்லை. ‘கட்டணம் கிடைத்தது, உங்கள் இடம் உறுதி’ என்று அந்தப் பெண்ணின் போனுக்கு நிஜமாகவே போயிருக்கிறது.

மறுநாள் நிலையத்து மேடம் கூப்பிட்டார். “சார், ஒரு பொண்ணு ஸ்வீட் பாக்ஸோட வந்து ஒக்காந்திருக்கு. பணமே வரல. நீங்களே வந்து சொல்லிடுங்க.”

வண்டியில் போகும்போது வழி நெடுக நல்ல வார்த்தையாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பேக்கிங் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். நான் வாயைத் திறக்குமுன் கையில் ஒரு மைசூர்பாக் வந்துவிட்டது.

“யார் கட்டினாங்கன்னே மொதல்ல புரியல சார். எங்க அண்ணனாத்தான் இருக்கும். ஃபிரான்ஸ்ல இருக்கான். அம்மா அவன் காதுல போட்டிருப்பாங்க. வீட்டுத் தகராறுல எட்டு வருஷமா பேச்சே இல்ல. நேத்து நானே போன் போட்டு, தேங்க்ஸ்ணான்னு அழுதுட்டேன். ‘அதெல்லாம் இருக்கட்டும், நீ நல்லா இருக்கியா’ன்னான்.”

நன்றி சொன்னால் எதற்கு என்று நம்மூரில் யார் கேட்கிறார்கள்? கொடுத்தவரும் ‘இருக்கட்டும்’ என்பார், கொடுக்காதவரும் ‘இருக்கட்டும்’ என்பார்.

சொல்லித்தானே ஆகவேண்டும். அது சும்மா டெஸ்ட், என் தப்பு என்றேன்.

“என்னையா டெஸ்ட் பண்ணீங்க?”

கட்டணத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று உளறினேன். அவர் தலையசைத்து மறுத்தார். ஸ்வீட் பாக்ஸின் மூடியை நெடுநேரம் அழுத்தி மூடிக்கொண்டிருந்தார்.

“பணத்த விடுங்க சார். அடுத்த வருஷம்கூட சேந்துக்கறேன். நான் எதுக்கு தேங்க்ஸ் சொன்னேன்னு மட்டும் அவனுக்குத் தெரியவே வேணாம். இன்னைக்குக் காலைல அவனே போன் பண்ணான்.”