அவர் வைத்த நாற்பது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. மலேசியாவில், பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில், மரம் அறுக்கும் பிரிவில் நான் லைன் லீடர். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

எங்கள் பிரிவில் ஒரு நேப்பாளத்துக்காரர் இருந்தார். என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். அன்று நாற்காலிக் கால்களின் முனையைச் சாய்வாக அறுக்க வேண்டும். அறுத்த முனைக்கும் காலின் நீள விளிம்புக்கும் இடையே ஐம்பது பாகை என்று வரைபடத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால், மனுஷன் மெஷினில் கோணம் காட்டும் முள்ளை நாற்பதில் வைத்திருக்கிறார்!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐம்பது என்று எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று மலாயில் கத்தினேன். "காக், அம்பாட் புலோ பெத்துல்," என்றார். அக்கா, நாற்பதுதான் சரி என்கிறார். ஒரு கையை நிறுத்தி, இன்னொரு கையைக் குறுக்கே படுக்க வைத்து என்னவோ காட்டினார். நான் பார்க்கவே இல்லை. நானே முள்ளை ஐம்பதுக்குத் திருப்பிவிட்டு வந்தேன்.

மதியத்துக்குள் இரண்டு பலேட் நிறைய அடுக்கிய கால்கள் வீண். ஒன்றுகூட இருக்கையில் பொருந்தவில்லை. சூப்பர்வைசர் நம் தமிழர்தான். விசாரிக்கவே இல்லை, நேப்பாளத்துக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். நான் போன பிறகு அவர் முள்ளை மாற்றியிருப்பார் என்று நம்பி, நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க இரண்டே மாதம் இருந்தது. கடிதம் வாங்கியவருக்குப் புதுப்பிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை, இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம் படிக்கும் என் மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரு செங்கோணம், நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் ஐம்பது. இன்னொரு பக்கம் நாற்பது என்று சட்டென்று எழுதினாள். எப்படி என்று கேட்டேன்.

"ரெண்டும் சேந்தா தொண்ணூறு வரணும்மா. சூடுட் பெலெங்காப் லா! இதுகூடவா தெரியாது?" என்று சிரித்தாள். நிரப்புக் கோணங்களுக்குப் பள்ளியில் மலாயில் அப்படித்தான் பெயராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மெஷினில் பூஜ்யம் என்றால் நேராகக் குறுக்கே வெட்டுவது. அப்போது விளிம்போடு தொண்ணூறு பாகை. முள்ளை நாற்பது திருப்பினால்தான் மீதி ஐம்பது கிடைக்கும். நான் ஐம்பது திருப்பியதால் கிடைத்தது நாற்பது. அந்த மனிதர் கைகளால் காட்டியது இதைத்தான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக சூப்பர்வைசரிடம் போய், "தப்பு என்னுது. முள்ளத் திருப்புனது நான்தான்" என்றேன்.

"விடுங்கக்கா. அவனுக்கு எழுதுன சூராட் ஆபீஸுக்குப் போயிருச்சு லா. நீங்க வேற ஏன் மாட்டிக்கிறீங்க? இவனுங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கணும்."

எவ்வளவு திமிர்! வேலை செய்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொன்னதுதான் சட்டம் என்று என் அப்பா சாகும்வரை பொருமினார். அந்தப் பொருமலைக் கேட்டு வளர்ந்த நாம், இன்னொருவர் தலையில் அதையே கொட்டுகிறோமே, வெட்கமாக இல்லையா?

நானே ஆபீஸுக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். படித்தார்கள். இனி கவனமாக இருக்கும்படி எனக்கு ஒரே ஒரு வரி எழுதித் தந்தார்கள். அவருடைய கடிதத்தை மட்டும் எடுக்கவில்லை. பதிவாகிவிட்டதாம். இரண்டு மாதம் கழித்து அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாள் தொழிற்சாலை கேட் அருகில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தாக் அப்பா, காக்," என்றார். பரவாயில்லையாம். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டக்கூட முடியாத இடத்தில் அவரை நிறுத்தி வைத்திருந்தோம்.

இன்று அந்த மெஷினில் வரைபடக் கோணம், முள் வைக்க வேண்டிய கோணம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன, என் கையெழுத்தில்தான். யாராவது "அக்கா, இது இல்ல" என்றால் மெஷினை நிறுத்திவிட்டு அவர்கள் கையைப் பார்க்கிறேன். ஆனால் தப்பாக வைத்த நான் இன்னும் அதே லைனில் லீடர், சரியாக வைத்தவர் ஊரில் இருக்கிறார் என்பதை மட்டும் என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை.